செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு மினி பிசி: வாங்குவதிலிருந்து ஓட விடுவது வரை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பெரிய வீடுகளில் இப்போது இருப்பவர்கள் இரண்டு மூன்று பெரியவர்கள்தான். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கல்யாண ஆல்பம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்ற விழா) படங்கள், பத்திர நகல், பழைய கணக்கு நோட்டு எல்லாம் ஊர் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. எல்லாப் புள்ளிகளும் (பிள்ளைகளின் குடும்பங்களும்) எங்கிருந்தும் பார்க்கிற மாதிரி இவற்றை ஓரிடத்தில் வைக்க மாதாமாதம் வாடகை கேட்கும் கிளவுட் தேவையில்லை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய மினி பிசி ஒன்றை வீட்டு சர்வராக, அதாவது எல்லோரும் வந்து பார்க்கும் பொதுப் பெட்டியாக, ஓட விட்டால் போதும். அதையே மானிட்டரில் இணைத்தால் பெரியவர்கள் செய்தி படிக்கவும், வீடியோ அழைப்பு பேசவும், பேரப்பிள்ளைகள் வந்தால் பாடம் படிக்கவும் அன்றாடக் கணினியாகவும் இருக்கும்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் பிராசசர் எது என்பதைவிட வீட்டு மின்சாரமும், சுவரும், வெயிலும்தான் பெரிய விஷயம். ஆகவே பணத்தில் ஒரு பங்கை யூபிஎஸ், கேபிள், இரண்டாவது ஹார்டு டிஸ்க் ஆகியவற்றுக்கென்று முதலிலேயே ஒதுக்குங்கள்.

எதை வாங்குவது

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இன்டெல் என்100 பிராசசர் போட்ட புதிய மினி பிசி. 2023-இல் வந்த சிப் இது. 4 கோர், 6 வாட் வகை. சும்மா ஓடும்போது மொத்தப் பெட்டியும் 6 முதல் 10 வாட் வரை எடுக்கும். ஏவி1 வகை வீடியோவை வன்பொருளிலேயே விரிக்கும் என்பதால் யூடியூப் தடங்கலில்லாமல் ஓடும். ராம் ஒற்றைச் சேனல்தான்; இன்டெல் கணக்கில் 16 ஜிபி உச்சம்.

இன்னொன்று, நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த மினி டெஸ்க்டாப்: டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி, லெனோவோ திங்க்சென்டர் டைனி. இவற்றில் 8-ஆம் தலைமுறை இன்டெல்லுக்குக் கீழே போகாதீர்கள். 7-ஆம் தலைமுறையை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஐ5-8500டி போட்ட பெட்டிக்கு 6 கோர், இரண்டு ராம் சிலாட், ஒரு எம்.2 (எஸ்எஸ்டி செருகும்) சிலாட், பல மாடல்களில் 2.5 அங்குல டிஸ்க்குக்கும் இடம் உண்டு. ஏவி1 மட்டும் வன்பொருளில் வராது.

புதியவருக்கு நாங்கள் சொல்வது இரண்டாவது வகையைத்தான். அலுவலகத்தில் நாள் முழுக்க ஓடுவதற்கென்று செய்த போர்டு, மாற்றக் கிடைக்கும் மின்விசிறி, எந்தக் கடைக்காரரும் பார்த்திருக்கும் அடாப்டர். ஐந்தாறு வருடம் ஓட வேண்டிய பெட்டிக்கு இது பெரிய பலம். வீட்டில் ஆளே இல்லை, சத்தமும் மின்செலவும் குறைவாக இருந்தால் போதும் என்றால் என்100 நல்லது.

எதை எடுத்தாலும் ராம் 16 ஜிபி, முதன்மை டிஸ்க் 256 அல்லது 512 ஜிபி எஸ்எஸ்டி, படங்களுக்குத் தனியாக 2 டிபி. இந்த 2 டிபி பெட்டிக்குள் போக வேண்டுமானால் உயரம் 7 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 2.5 அங்குல ஹார்டு டிஸ்க்கில் 2 டிபிக்கு மேல் போனால் பெரும்பாலும் 15 மில்லிமீட்டர் தடிமன், உள்ளே நுழையாது. வாங்கி வந்தபின் மூடி மூடாமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது.

கடையிலேயே பார்க்க வேண்டியவை

பழைய பெட்டியைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிப் பல்லவன் ரயிலில் கொண்டுவந்து இறக்கியபின் குறை தெரிந்தால், திருப்பிக் கொடுக்க மறுபடி ஒரு பயணம். அதனால் கடையிலேயே அரை மணி நேரம் நின்று பாருங்கள்.

முதலில் பயாஸுக்குள் (பெட்டி கிளம்பும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) போக முடிகிறதா என்று பாருங்கள். டெல்லில் எஃப்2, லெனோவோவில் எஃப்1, எச்பியில் எஃப்10. பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் பெட்டி வேண்டாம். பழைய நிறுவனம் போட்ட பூட்டு அது. புதிய மாடல்களில் பேட்டரியைக் கழற்றினாலும் திறக்காது. மின்சாரம் போய் வந்தால் தானே கிளம்பும் அமைப்பைச் செய்ய பயாஸ் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது அடாப்டர். டெல் அடாப்டரின் நடு ஊசி, இது எத்தனை வாட் அடாப்டர் என்று போர்டுக்குச் சொல்லும். வேறு கம்பெனி அடாப்டரை மாட்டினால் பெட்டி கிளம்பும், ஆனால் எச்சரிக்கை காட்டிப் பிராசசர் வேகத்தைக் குறைத்துவிடும். "மெதுவாக இருக்கிறது" என்ற புகாரின் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான். என்100 பெட்டிகளில் பல 12 வோல்ட்டில் ஓடுபவை. வீட்டில் கிடக்கும் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரின் முனை அதில் பொருந்திவிடலாம். பொருந்தினால் போர்டு போச்சு. செட்டாப் பாக்ஸின் 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டரும் உதவாது. கிளம்பும்போது ஓடும், வேலை கூடியதும் அணைந்து அணைந்து வரும். வாங்கிய அன்றே அடாப்டரிலும் பெட்டியின் பின்னாலும் ஒரே நிற டேப் ஒட்டி வோல்ட்டை எழுதிவிடுங்கள்.

பின்பக்கம் எச்டிஎம்ஐ இருக்கிறதா, டிஸ்பிளே போர்ட் மட்டும்தானா என்று பாருங்கள். எச்பி மினிகளில் பலவற்றில் டிஸ்பிளே போர்ட்தான். மாற்றுக் கேபிளைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள். எஸ்எஸ்டியின் ஆயுளைக் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பாருங்கள். 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புது எஸ்எஸ்டி போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியாக, போர்டில் இருக்கும் நாணய பேட்டரி. 2032 என்ற எண் அச்சிட்ட வட்டப் பேட்டரி அது. ஆறேழு வருடப் பெட்டியில் தீர்ந்திருக்கும். தீர்ந்திருந்தால், மின்சாரம் முழுவதுமாகப் போய் வரும்போது பெட்டியின் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பினால் எந்த இணையதளமும் பாதுகாப்பாகத் திறக்காது. அதைவிட மோசம், பல பெட்டிகள் திரையில் எஃப்1 அழுத்தச் சொல்லிக் காத்து நிற்கும். மானிட்டரே இல்லாத சர்வர் முன்னால் யார் வந்து அழுத்துவது? எந்தச் சோதனையும் செய்யாமல் புதுப் பேட்டரி போட்டுவிடுங்கள். நல்ல கம்பெனிப் பேட்டரியாக இருக்கட்டும்.

மின்சாரம்

செலவுக் கணக்கு எளிது. மினி பிசி 10 வாட், ஃபைபர் மோடமும் ரவுட்டரும் சேர்ந்து 15 வாட் என்று வையுங்கள். 25 வாட் நாள் முழுக்க ஓடினால் 0.6 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 36 யூனிட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், ஆள் அதிகம் இல்லாத வீட்டில் இது பில்லில் தெரியாமலே போய்விடலாம். அதே வேலைக்குப் பழைய பெரிய டெஸ்க்டாப்பை 60 வாட்டில் ஓட விட்டால் அது மட்டுமே 86 யூனிட்.

பாதுகாப்புதான் கஷ்டமான பகுதி. பழைய வீடுகளில் பல பிளக் பாயின்ட்களில் எர்த் கம்பியே வந்திருக்காது. மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டைதான். பெட்டியின் உலோக உடலை விரலின் பின்பக்கத்தால் லேசாகத் தடவினால் 'ஜிவ்' என்று இருந்தால் எர்த் இல்லாமல் இருக்கலாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு பாயின்ட்டுக்காவது மெயினிலிருந்து எர்த் இழுத்துவிடுங்கள். எர்த் இல்லாமல் சர்ஜ் புரொடெக்டர் போட்டால் அது காட்சிக்கு மட்டும்தான்.

மூன்று பேஸ் வந்திருக்கும் வீட்டில் நியூட்ரல் கட் ஆனால் ஒற்றை பேஸ் பாயின்ட்டில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறலாம். அடாப்டர் தாங்குவது 240 சொச்சம்தான். சாதாரண எம்சிபி இதைத் தடுக்காது. அது ஆம்பியரைப் பார்க்குமே தவிர வோல்ட்டைப் பார்க்காது. அதிக வோல்ட்டில் தானே துண்டிக்கும் கருவியை மெயின் போர்டில் போடச் சொல்லுங்கள்.

பிறகு யூபிஎஸ். 600 விஏ போதும். உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி இருக்கும். 25 வாட் சுமைக்குப் புதுப் பேட்டரி ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரும். இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி மாற்ற வேண்டும் என்பதைக் காலண்டரில் எழுதி வையுங்கள். மோடமும் ரவுட்டரும் அதே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். சர்வர் ஓடி ரவுட்டர் அணைந்தால் பயனில்லை.

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால், அதன் பின்னால் இருக்கும் சுவிட்சை யூபிஎஸ் மோடில் வையுங்கள். சாதாரண மோடில் மாறும் நேரம் நீளம். மின்விசிறிக்கு அது தெரியாது, கணினி அணைந்துவிடும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் அடாப்டர் இரைந்து சூடேறும். சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் நல்லது.

இடி மின்னலுக்கு யூபிஎஸ் நம்பத்தக்க காவல் கிடையாது. ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் கோடை மழையிலும் இடி நெருங்கினால் பிளக்கைக் கழற்றுவதுதான் வழி. பெரியவர்களுக்குக் குழப்பம் வராமல் அந்த ஒரு பிளக்கில் மட்டும் மஞ்சள் டேப் சுற்றி வையுங்கள். "அப்பச்சி, பெட்டி பட்டனை ஒரு தடவை அமுக்கி, லைட்டு அணைஞ்சதும் மஞ்சள் சுத்தின பிளக்கைக் கழட்டிருங்க" என்று போனில் சொன்னால் போதும். ஃபைபர் இணைப்பு கண்ணாடி இழை என்பதால் அதன் வழியாக மின்னல் வராது. ஆனால் அதைத் தூக்கிப் பிடிக்கும் இரும்புக் கம்பி வீட்டுக்குள் வரக் கூடாது, வெளியிலேயே நிற்கட்டும்.

சுவரும் கேபிளும்

முகப்பில் ரவுட்டர் வைத்தால் இரண்டாங்கட்டில் வைஃபை கிடைக்காது என்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள கதை. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த ஒன்றரை, இரண்டு அடிச் சுவர் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை ஏறக்குறைய முழுதாகவே விழுங்கிவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒரு சுவரைத் தாண்டும், அடுத்ததில் தடுமாறும். ரிப்பீட்டர் வாங்கி அறைக்கு அறை வைப்பது வீண் செலவு. அது தனக்கு வரும் அரைகுறை சிக்னலைத்தான் திருப்பி அனுப்பும்.

வளவைப் பயன்படுத்துங்கள். நடுவில் திறந்திருக்கும் இடம், சுற்றிலும் அறைக் கதவுகள். வளவுத் தாழ்வாரத்தில், மழைச்சாரல் படாத உயரத்தில் ஒரு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் கருவி) வைத்தால் அலை திறந்த வெளியில் பரவிக் கதவுகள் வழியாகவே அறைகளுக்குள் போகும். முகப்பிலிருந்து அங்கே வரை கேட்6 கேபிள் இழுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். மலிவான சுருள்களில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியிருப்பார்கள். இழை முறுக்கினால் ஒடியும், கேபிள் வழியே மின்சாரம் பெறும் ஆக்சஸ் பாயின்ட் அதில் சரியாக ஓடாது.

துளை போடுவதற்கு முன் நிதானம் வேண்டும். வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சில் டிரில் வைத்தால் கை அகலத்துக்குப் பெயர்ந்து வரும். அந்தப் பூச்சைத் திரும்பப் பூசும் ஆட்கள் இன்று குறைவு. ஆத்தங்குடிக் கல்லில் ஒரு போதும் துளை வேண்டாம். கதவு நிலைக்கு மேலுள்ள காற்றுத் துளை, பழைய ஒயரிங் போன மரப்பட்டி, ஜன்னலின் மூலை ஆகிய வழிகளில் கேபிளைக் கொண்டுபோகலாம். எலி வரும் இடம் என்றால் பிவிசி குழாய்க்குள் போடுங்கள்.

மொட்டை மாடி வழியாகவோ வளவுக்கு மேலே திறந்த வெளியிலோ லேன் கேபிளை இழுக்கவே கூடாது. அருகில் எங்கோ விழும் இடி அந்த நீளக் கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டி, இரண்டு முனையிலும் உள்ள போர்ட்டுகளைக் கொன்றுவிடும். பின்கட்டுக்கு வெளிவழி தவிர வழியில்லை என்றால் ஃபைபர் பேட்ச் கேபிளும் இரண்டு மீடியா கன்வெர்ட்டரும் (ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் பெட்டி) வாங்கிப் போடுங்கள்.

பெட்டியை வைக்கும் இடம்: பட்டாலையில் (கூடத்தில்), வெயில் விழாத சுவர் ஓரம், தரையிலிருந்து மூன்றடிக்கு மேல். மர அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும்போது மூடிய மரப்பெட்டிக்குள் எஸ்எஸ்டி 70 டிகிரியை நெருங்கும்; அங்கிருந்து அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ள ஆரம்பிக்கலாம். நான்கு பக்கமும் ஒரு சாண் இடம் விடுங்கள். மானிட்டரின் பின்னால் மாட்டும் தகடு இருந்தால் இன்னும் நல்லது, தூசும் குறையும்.

பயாஸில் செய்ய வேண்டியவை

மின்சாரம் திரும்பியதும் என்ன செய்வது என்ற அமைப்பைத் தேடுங்கள். லெனோவோவிலும் எச்பியிலும் 'ஆஃப்டர் பவர் லாஸ்', டெல்லில் 'ஏசி ரிகவரி' என்று இருக்கும். அதை 'பவர் ஆன்' என்று வையுங்கள். 'முந்தைய நிலை' என்பதைத் தேர்ந்தெடுத்தால், பட்டனை அழுத்தி முறையாக அணைத்து பிளக்கைக் கழற்றிய நாளுக்குப் பிறகு தானே கிளம்பாது. 'பவர் ஆன்' வைத்திருந்தால் அப்பச்சி மழை விட்டதும் பிளக்கை மாட்டினாலே போதும்.

கீபோர்டு இல்லாவிட்டால் நிறுத்தாதே என்ற அமைப்பு இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். மூடி திறந்ததை எச்சரிக்கும் அமைப்பை அணையுங்கள். சேமித்தபின், யூபிஎஸ்ஸை விட்டுவிட்டுச் சுவர் பிளக்கில் நேராக மாட்டிப் பிடுங்கிச் செருகிப் பாருங்கள். தானாகக் கிளம்ப வேண்டும். இதைப் பார்க்காமல் ஊருக்குக் கிளம்பாதீர்கள்.

மென்பொருள்

ஒரே பெட்டி சர்வராகவும் அன்றாடக் கணினியாகவும் இருக்க வேண்டும் என்றால் லினக்ஸ் மின்ட் போடுவதுதான் எளிது. 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். முகம் விண்டோஸ் மாதிரியே இருப்பதால் பெரியவர்களுக்குத் தடுமாற்றம் இல்லை. டேலி மாதிரி விண்டோஸ் மென்பொருள் கட்டாயம் என்றால் அதற்குத் தனிப் பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடுவில் அப்டேட் போட்டுத் தானே ரீஸ்டார்ட் ஆகும் இயந்திரத்தில் சர்வர் வைப்பது தலைவலி. ஒரே பெட்டிக்குள் பல கணினிகளை ஓட விடும் பிராக்ஸ்மாக்ஸ் நல்ல மென்பொருள்தான், ஆனால் மானிட்டரில் இணைத்து அன்றாடம் உபயோகிக்க அது ஏற்றதல்ல. முதல் வருடம் அதைத் தொட வேண்டாம்.

மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ரூஃபஸ் கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள். டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9 அழுத்திப் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். நிறுவும்போது எஸ்எஸ்டியை முழுதாக அழித்துப் போடுங்கள். படங்களுக்கான 2 டிபி டிஸ்க்கை (இனிமேல் 'படத் தட்டு') அப்போது தொடாதீர்கள். முடிந்ததும் பவர் அமைப்பில் தூங்கும் நேரத்தை 'ஒருபோதும் இல்லை' என்று வையுங்கள். பவர் பட்டனை அழுத்தினால் உடனே முறையாக அணையும்படி வையுங்கள். மேலே சொன்ன மஞ்சள் பிளக் முறைக்கு இது வேண்டும். தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் இரண்டையும் சாஃப்ட்வேர் மேனேஜரில் நிறுவி, ஐபஸ் அமைப்பில் தமிழ்99-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படத் தட்டை 'டிஸ்க்ஸ்' என்ற பயன்பாட்டில் எக்ஸ்ட்4 ஆக ஃபார்மட் செய்யுங்கள். என்டிஎஃப்எஸ்ஸில் விட்டால் பின்னால் அனுமதிச் சிக்கல் வரும். அங்கேயே பற்சக்கர மெனுவில் மவுன்ட் அமைப்பைத் திறந்து, கணினி கிளம்பும்போதே இணையும்படி டிக் போடுங்கள். இந்த ஒரு டிக்கை மறந்தால் என்ன ஆகும் தெரியுமா? கரண்ட் போய் வந்த அன்று தட்டு இணையாமல் நிற்கும். மென்பொருள் படங்கள் இருந்த இடத்தில் வெற்று ஃபோல்டரைப் பார்த்துக் கிளம்ப மறுக்கும், சில மென்பொருள் புதுப் படங்களை எஸ்எஸ்டியில் எழுதத் தொடங்கிவிடும். எல்லாம் அழிந்துவிட்டது என்று குடும்பமே பதறும். தட்டை இணைத்து ரீஸ்டார்ட் செய்தால் திரும்பி வரும்.

ரவுட்டருக்குள் போய் மினி பிசிக்கு மாறாத ஐபி முகவரி ஒதுக்கிவிடுங்கள். ரவுட்டரில் 'டிஹெச்சிபி ரிசர்வேஷன்' என்ற பகுதி அது.

படங்கள்

இதற்கு இம்மிச் என்ற மென்பொருள். போனில் எடுத்த படங்களைத் தானே ஏற்றும், முகம் பார்த்துப் பிரிக்கும், ஒவ்வொரு புள்ளிக்கும் தனிக் கணக்கு கொடுக்கலாம். டாக்கர் (இம்மிச் போன்ற மென்பொருளைத் தனியாகப் பிரித்து ஓட விடும் கருவி) நிறுவி, இம்மிச் தளத்தில் தரும் கம்போஸ் கோப்பையும் அமைப்புக் கோப்பையும் ஒரு ஃபோல்டரில் இறக்குங்கள். அமைப்புக் கோப்பில் நீங்கள் மாற்ற வேண்டியவை முக்கியமாக இரண்டு வரிகள்: படங்கள் சேரும் இடம் (படத் தட்டின் பாதை), டேட்டாபேஸ் பாஸ்வேர்டு. டேட்டாபேஸ் மட்டும் எஸ்எஸ்டியிலேயே இருக்கட்டும். ஹார்டு டிஸ்க்கில் வைத்தால் நகராது. ஓட விட்டதும் பிரவுசரில் அந்த ஐபி முகவரியும் 2283 என்ற போர்ட்டும் போட்டால் திறக்கும். முதலில் உருவாக்கும் கணக்கே நிர்வாகிக் கணக்கு.

ஆயிரக்கணக்கில் படம் ஏற்றியதும் முகம் பிரிக்கும் வேலை ஓடத் தொடங்கும். சிறிய பிராசசரில் இது நாள் கணக்கில் ஓடலாம், மின்விசிறி இரையும், பெட்டி சுடும். கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். நிர்வாகப் பகுதியில் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளை 1 என்று குறைத்துவிட்டால் பெட்டி நிதானமாகும்.

பழைய அச்சுப் படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். 6-க்கு 4 அங்குலப் படம் 3600-க்கு 2400 பிக்சல் ஆகும். டிஃப் கோப்பாக வைத்தால் ஒன்று 26 எம்பி, ஆயிரம் படம் 26 ஜிபி. ஆல்பத்தின் ஒட்டிய தாளிலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள், தாளோடு ஸ்கேன் செய்து பிறகு வெட்டுங்கள். ஸ்கேன் செய்த நாளே எடுத்த நாளாகப் பதிவாகும் என்பதால் 1962-ஆம் வருடக் கல்யாணம் இன்றைய தேதியில் வந்து நிற்கும். ஒரு ஆல்பத்தை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இம்மிச்சிலேயே தேதி மாற்றலாம். நாள் தெரியாவிட்டால் அந்த வருடத்து ஜனவரி 1 போதும். அப்பத்தாவையும் ஆயாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, முகங்களுக்குப் பெயர் போடுவதை இப்போதே செய்துவிடுங்கள். வேறு எந்த வேலையையும் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போடக் கூடாது.

தேடல் பெட்டியில் தமிழில் தட்டினால் தொடர்பில்லாத படங்கள்தான் வரும். முதலில் இருப்பது ஆங்கிலச் சொற்களுக்கான ஏஐ மாடல். பன்மொழி மாடலுக்கு மாற்றி, எல்லாப் படத்துக்கும் அந்த வேலையை மறுபடி ஓட விட்டால் தமிழிலும் தேடலாம். அது கனமான மாடல், 16 ஜிபி ராம் சொன்னதன் காரணங்களில் ஒன்று.

வீடியோ, பழைய சிடிகளுக்கு ஜெல்லிஃபின் போடலாம். விளம்பரம் தடுக்கும் பை-ஹோலை முதல் மாதத்தில் போட வேண்டாம். பெட்டி அணைந்தால் வீட்டு இணையமே நின்றதுபோல் ஆகிவிடும்.

வெளியூரிலிருந்து பார்க்க

ரவுட்டரில் போர்ட் திறந்து விடும் பழைய முறை இங்கே பல வீடுகளில் வேலை செய்யாது. ரவுட்டர் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள்ளோ, 10-இலோ தொடங்கினால், பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைக் கம்பெனி பகிர்ந்து கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து உள்ளே வர வழியில்லை. வழி இருந்தாலும் வீட்டுப் படங்களைத் திறந்த இணையத்தில் வைப்பது சரியில்லை.

டெயில்ஸ்கேல் போடுங்கள். மினி பிசியிலும், உறவினர் போன்களிலும் நிறுவி ஒரே வலையில் சேர்த்தால் சிங்கப்பூரிலிருந்தும் வீட்டுக்குள் இருப்பதுபோல் திறக்கும். தனிநபர் உபயோகத்துக்கு இலவசத் திட்டம் உண்டு. ஒன்றை மறக்காதீர்கள்: ஒவ்வொரு கருவியின் சாவியும் 180 நாளில் காலாவதியாகும். நிர்வாகப் பக்கத்தில் மினி பிசிக்கு மட்டும் சாவிக் காலாவதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறாவது மாதம் ஒரு நாள் தொடர்பு அறுந்துபோகும், வீட்டில் போய் உட்கார்ந்துதான் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

நகல்

இம்மிச் தினமும் இரவு 2 மணிக்குத் தன் டேட்டாபேஸை மட்டும் படத் தட்டிலேயே நகல் எடுத்துவைக்கும். படங்களுக்கு நகல் எடுப்பது உங்கள் பொறுப்பு. இரண்டு யூஎஸ்பி ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். 'பேக் இன் டைம்' பயன்பாட்டை ரூட் அனுமதியோடு திறந்து, படத் தட்டு முழுவதையும் நகலெடுக்கச் சொல்லுங்கள். சாதாரண அனுமதியில் சில கோப்புகளைத் தவறவிடும். டிஸ்க்கைப் பின்பக்கப் போர்ட்டில் நேராகச் செருகுங்கள், மலிவான ஹப் வழியாகப் போனால் மின்சாரம் போதாமல் நடுவில் அறுந்துபோகும்.

ஒரு டிஸ்க் ஊர் வீட்டில், இன்னொன்று சென்னை வீட்டில். முன்னோர் படைப்புக்கோ பொங்கலுக்கோ வரும்போது அதைக் கொண்டுவந்து இதை எடுத்துப் போங்கள். இடியோ திருட்டோ ஒரு வீட்டைத் தொட்டாலும் மற்றொரு வீட்டில் படங்கள் இருக்கும். மாற்றும்போதெல்லாம் பத்துப் படத்தையாவது அந்த நகலிலிருந்து வேறு கணினியில் திறந்து பாருங்கள்.

தொலைவிலிருந்து கோளாறு பார்க்கும் வரிசை

போனில் படம் திறக்கவில்லை என்று செய்தி வந்தால் முதலில் வீட்டில் இருப்பவரிடம் மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று கேளுங்கள். எரிந்தால் ஃபைபர் அறுந்திருக்கிறது, சர்வரில் ஒன்றும் செய்ய வேண்டாம். மோடம் சரி, பெட்டி விளக்கு எரியவில்லை என்றால் யூபிஎஸ் சத்தம் கொடுக்கிறதா என்று கேளுங்கள். பேட்டரி செத்த யூபிஎஸ் கரண்ட் இருக்கும்போதுகூடச் சில நேரம் கிளம்பாது. அடாப்டரைச் சுவர் பிளக்குக்கு மாற்றச் சொன்னால் தெரிந்துவிடும். பெட்டி விளக்கு எரிந்தும் தொடர்பு இல்லை என்றால் மானிட்டரை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்புத் திரையில் எஃப்1 கேட்டு நின்றால் நாணய பேட்டரி. டெஸ்க்டாப் வந்து படம் மட்டும் வரவில்லை என்றால் படத் தட்டு இணையவில்லை. பெட்டி அடிக்கடி தானே அணைந்து வந்தால் பக்கவாட்டு ஓட்டைகளில் தூசு அடைத்திருக்கும். பெட்டியை அணைத்து, மூடியைத் திறந்து, மின்விசிறி இறக்கை சுழலாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். காற்றடித்து விசிறியை வேகமாகச் சுழல விட்டால் அதன் பேரிங் கெடும். அப்படியும் அணைந்தால் வெப்பப் பசை காய்ந்திருக்கும். ஹீட்சிங்க்கின் ஸ்குரூக்களைக் குறுக்குக் குறுக்காகத் தளர்த்தி எடுத்து, பழைய பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பசை வைத்து மூடினால் போதும்.